முழங்காலுக்கு ஏற்ற கவசம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்

மனித உடலில் உள்ள மூட்டுகளுள் பெரியது முழங்கால் மூட்டு. நிற்பதும் நடப்பதும் ஓடுவதும் தாண்டுவதும் அதை நம்பியே நடைபெறுகின்றன. விளையாட்டு வீரனுக்கோ அது முதலீடு போன்றது. கையில் அடிபட்டவன் சில நாளில் மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறான். முழங்காலில் அடிபட்டவன் சில வேளை திரும்புவதே இல்லை. இத்துணைச் சிறப்புடைய மூட்டைக் காக்க நாம் எடுத்துக்கொள்ளும் முயற்சி எவ்வளவு? மருந்துக் கடையிலோ விளையாட்டுப் பொருள் கடையிலோ சென்று, "ஒரு நீ கேப் கொடுங்கள்" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொள்வதுடன் அம்முயற்சி முடிந்துவிடுகிறது.

நான் நம் கல்லூரிக் கபடி அணியில் மூன்றாண்டுகளாக ஆடி வருகிறேன். எங்கள் அணியின் பன்னிருவரில் எழுவர் முழங்கால் உறை அணிபவர்கள். அவர்களுள் ஒருவருக்கும் தமக்கு வந்துள்ள குறை இன்னதென்று தெளிவாகத் தெரியாது. விடுதிக் கொடியில் காயும் உறையை அன்று யாருக்கு வலிக்கிறதோ அவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். காய்ச்சலுக்குத் தந்த மாத்திரையை வயிற்று வலிக்காரர் விழுங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. "எந்தக் கவசம் நல்லது?" என்று கேட்பதற்கு முன், "என் முழங்காலில் என்ன குறை?" என்று கேட்க வேண்டும். வகுப்பறையில் நான் கற்றதையும், மருத்துவரிடமும் உடற்கல்வித் துறையினரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தொகுத்து இக்கட்டுரையை வரைகிறேன்.

மூட்டின் அமைப்பு

கவசத்தைப் பற்றிப் பேசுமுன் அது காக்க வேண்டிய பொருளைச் சற்றே காண்போம். மேலே தொடை எலும்பு. கீழே கீழ்க்கால் எலும்பு. முன்னே வட்டமாக அசையும் முழங்கால் சில்லு. இடுப்பு மூட்டில் ஒரு பந்து கிண்ணத்துக்குள் அமர்ந்திருப்பதுபோல் எலும்பு ஆழமாகப் பொருந்தியிருக்கிறது. முழங்காலில் அப்படி இல்லை. ஏறக்குறையத் தட்டையான ஒரு தளத்தின்மேல் இரண்டு உருண்டைகளை வைத்ததுபோல்தான் அது அமைந்துள்ளது. எலும்பின் வடிவம் மட்டும் இருந்தால் மூட்டு ஓர் அடிகூடத் தாங்காது. அதைத் தாங்கி நிற்பவை நார்களும் தசைகளுமே.

எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். முழங்காலில் நான்கு முக்கியத் தசைநார்கள் உள்ளன. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் சிலுவைத் தசைநார்கள் இரண்டு. இவற்றுள் முன் சிலுவைத் தசைநாரையே மருத்துவர்கள் 'ஏ.சி.எல்.' என்று சுருக்கி அழைக்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவு மீறித் திருகிக்கொள்ளாமலும் அது தடுக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள் இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன.

தொடையின் முன்பக்கத்தில் உள்ள நாற்றலைத் தசை, சில்லின் வழியாகச் சென்று கீழ்க்கால் எலும்பைப் பற்றி இழுக்கிறது. இந்த இழுவையால் சில்லின் பின்புறம் ஏற்படும் அழுத்தம் வியப்பூட்டுவது. சமதளத்தில் நடக்கும்போது அது உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. படியேறும்போது மூன்று மடங்குக்கு மேல். ஆழமாகக் குந்தி எழும்போது ஏழு மடங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் அவருடைய சில்லு 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிறது என்றால், அது சில நாள் முணுமுணுப்பதில் வியப்பென்ன?

அடிபடும் வழிகள்

முழங்காலுக்கு வரும் துன்பங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, ஒரே நொடியில் நேர்வது. மற்றொன்று, நாளடைவில் தேய்ந்து வருவது.

முதல் வகையில் இரு வழிகள் உண்டு. பிறர் நம் காலின் வெளிப்பக்கத்தில் மோதும்போது மூட்டு உள்நோக்கி வளைந்து உட்பக்கத் தசைநார் கிழியும். கபடியில் பாடிச் செல்பவரைப் பக்கவாட்டில் பாய்ந்து பிடிக்கும்போது நேர்வது இதுவே. மற்றொரு வழி, எவரும் தொடாமலே நேர்வது. ஓடிய வேகத்தில் பாதத்தை ஊன்றிச் சட்டெனத் திரும்பும்போதோ, தாண்டி இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாயும்போதோ முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோகிறது. அத்தசைநார் அறும் நிகழ்ச்சிகளில் பெரும்பான்மை எதிராளி மோதாமலே நேர்கின்றன என்பது பலரும் அறியாத உண்மை. தாண்டுதலும் திரும்புதலும் மிகுந்த ஆட்டங்களில் ஆடவரைவிட மகளிருக்கு இது மிகுதியாக நேர்கிறது என்பதையும் நம் மகளிர் அணியினர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை மெல்ல வருவது. கைப்பந்து, கூடைப்பந்து, மும்முறைத் தாண்டல் ஆகியவற்றில் ஈடுபடுவோருக்குச் சில்லின் கீழுள்ள தசைநாண் நைந்து வலி தோன்றும். இதற்குத் 'தாண்டுவோர் முழங்கால்' என்று பெயர். நார்வே நாட்டின் உயர்நிலை வீரர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், கைப்பந்து ஆடும் ஆடவருள் ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்கு இக்குறை காணப்பட்டது. நெடுந்தொலைவு ஓடுவோருக்கு வருவது வேறு. சில்லைச் சுற்றியும் அதன் பின்னும் வலிக்கும்; படியிறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் மிகும்.

இவ்விரு வகைக்கும் ஒரே கவசம் பொருந்துமா? பொருந்தாது.

கவசத்தின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் கவசங்களைப் பயனை ஒட்டி ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, முழங்கால் உறை. நெகிழும் துணியாலோ நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பராலோ ஆனது. குழாய்போல் மேலே இழுத்து மாட்டுவது. நாம் 'நீ கேப்' என்பது இதைத்தான். இது மூட்டுக்கு வெதுவெதுப்பைத் தருகிறது. மெல்ல அழுத்தி வீக்கத்தைச் சற்றுக் கட்டுப்படுத்துகிறது. தோலின்மீது படும் அழுத்தத்தால், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்னும் உணர்வைக் கூர்மைப்படுத்தவும் உதவுகிறது. வலி குறைந்ததுபோலவும் காலில் நம்பிக்கை பிறந்ததுபோலவும் தோன்றுவதற்குக் காரணம் இவையே. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கையால் இழுத்தால் நீளும் ஒரு துணி, ஓடிவரும் மனிதனின் மோதலைத் தடுத்து நிறுத்தாது. தசைநார் கிழிவதைத் தடுக்கும் ஆற்றல் உறைக்கு இல்லை.

சில உறைகளில் சில்லின் இடத்தில் துளையும் அதைச் சுற்றி மெத்தை வளையமும் இருக்கும். சில்லு பக்கவாட்டில் விலகுவதுபோல் உணர்பவருக்கும், சில்லின் முன்புறம் அழுத்தினால் வலிப்பவருக்கும் இது சற்று உதவலாம்.

இரண்டாவது, சில்லின் கீழ்க் கட்டும் பட்டை. இரண்டு விரல் அகலமே இருக்கும். சில்லின் கீழ்முனைக்கும் கீழ்க்கால் எலும்பின் மேட்டுக்கும் நடுவே தசைநாணின்மேல் இதைக் கட்ட வேண்டும். நாணின்மேல் விழும் இழுவையை இது சிறிது மாற்றிக் கொடுப்பதால் தாண்டுவோர் முழங்காலுக்கு வலி குறையும். வளரும் பருவத்தில் அந்த எலும்பு மேடு புடைத்து வலிக்கும் பிள்ளைகளுக்கும் சில வேளை பரிந்துரைக்கிறார்கள். இதைச் சில்லின்மேலேயே கட்டிக்கொண்டு "பயனில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டையின்மேல் பழி போடுவது முறையன்று.

மூன்றாவது, பக்கக் கீல் உள்ள கவசம். இருபுறமும் உலோகப் பட்டைகளும், அவற்றின் நடுவே கதவின் கீல்போல் மடங்கும் அமைப்பும் இருக்கும். உட்பக்க, வெளிப்பக்கத் தசைநார்களில் சுளுக்கு ஏற்பட்டு ஆறி வருபவர்களுக்கு இது பக்கவாட்டுத் தாங்கலைத் தரும். அடிபடுமுன்னே காப்பாகவும் சில ஆட்டங்களில் அணிகிறார்கள்.

நான்காவது, இயங்குநிலைக் கவசம். சிலுவைத் தசைநார் அறுந்தவருக்கோ, அறுவை மருத்துவம் செய்துகொண்டவருக்கோ மருத்துவர் அளவெடுத்துக் கொடுப்பது. விறைப்பான சட்டத்தால் ஆனது; விலை மிகுந்தது.

ஐந்தாவது, மறுவாழ்வுக் கவசம். தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை நீண்டிருக்கும். மூட்டு எத்தனை பாகை மடங்கலாம் என்று திருகி வைக்க அதில் அமைப்பு உண்டு. இது படுக்கையிலும் நடையிலும் பயன்படுவதேயன்றி ஆடுகளத்துக்கு உரியதன்று.

இவை தவிர, கீழே விழுந்து உருளும்போது தோலையும் சில்லையும் காக்கும் மெத்தைக் காப்பும் உண்டு. கைப்பந்து வீரர்கள் அணிவது அதுவே. அது அடியின் அதிர்ச்சியை வாங்குமேயன்றி மூட்டைத் தாங்காது. உறையும் மெத்தையும் வேறு வேறு என்பதை நினைவிற்கொள்வது நலம்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கீல் கவசத்தின் வரலாறு அமெரிக்கக் கால்பந்தாட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. நம் கால்பந்தைப் போலன்றி, அதில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் புகழ்பெற்ற வீரர் ஜோ நமத் 1965-இல் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தபோதே முழங்காலில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. அவருக்காக நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில், மருத்துவர் ஜேம்ஸ் நிக்கலஸின் மேற்பார்வையில் உருவான கவசம் அம்மருத்துவமனையின் பெயராலேயே வழங்கலாயிற்று. இன்றைய இயங்குநிலைக் கவசங்களுக்கு அதுவே முன்னோடி.

1970-களின் இறுதியில், அடிபட்டவருக்கு மட்டுமன்றி அடிபடாதவருக்கும் பக்கக் கீல் கவசத்தை மாட்டிவிடும் வழக்கம் அந்நாட்டில் பரவியது. பல கல்லூரி அணிகள் எல்லா வீரருக்கும் அதை வாங்கிக் கொடுத்தன. பயன் கிடைத்ததா? 1987-இல் வெளியான ஓர் ஆய்வு பல கல்லூரி அணிகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்தது. கவசம் அணிந்தவர்களிடையே முழங்கால் காயம் குறையவில்லை. மாறாக மிகுந்தே இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் கழகமும், இத்தகைய தடுப்புக் கவசங்களின் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அறிவித்தது.

பின்னர் வெஸ்ட் பாயிண்ட் என்னுமிடத்திலுள்ள படைத்துறைக் கல்லூரியில் 1,396 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கவசம் கொடுத்து இரண்டாண்டுகள் கவனித்தார்கள். 1990-இல் அதன் முடிவு வெளிவந்தது. கவசம் அணிந்தவர்களிடம் முழங்கால் காயம் குறைந்திருந்தது. ஆனால் அந்தக் குறைவு தடுப்பாட்டக்காரர்களிடமே தெளிவாகக் காணப்பட்டது. நேர்ந்த காயத்தின் கடுமையைக் கவசம் குறைத்ததாகத் தெரியவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து யாது? பக்கவாட்டு மோதல் மிகுந்த இடத்தில் கீல் கவசம் உட்பக்கத் தசைநாருக்கு ஓரளவு துணை செய்யலாம். முன் சிலுவைத் தசைநாரை எந்தக் கடைக் கவசமும் உறுதியாகக் காக்கும் என்று எவரும் சொல்வதற்கில்லை. காரணம் எளிது. கவசம் எலும்பைப் பிடித்திருக்கவில்லை. தொடையின் சதையைப் பிடித்திருக்கிறது. வேகமாகத் திருகும்போது சதை நெகிழ, உள்ளே எலும்பு தன் வழியே திரும்பிவிடுகிறது. மெல்லிய விசையில் கவசம் தாங்கும்; ஆட்டத்தின் முழு வேகத்தில் அதன் கை தளர்ந்துவிடும்.

எந்த ஆட்டத்துக்கு எது?

எங்கள் ஆட்டமான கபடியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், அணிகலன் கூடாது, உடலில் எண்ணெய் பூசக் கூடாது என்றெல்லாம் விதியுள்ள ஆட்டம் இது. உலோகக் கீல் வெளியே தெரியும் கவசம் பிடிப்பவரின் பல்லையும் விரலையும் பதம் பார்த்துவிடும். ஆகவே நடுவரிடம் முன்னரே காட்டி இசைவு பெறாமல் எந்தக் கடினமான கவசத்தையும் அணிந்து இறங்கலாகாது. பெரும்பாலும் கபடிக்கு ஏற்றது மெல்லிய உறையே. மேலும், மண் தரையில் பாதம் சற்று வழுக்கிக் கொடுக்கும்; மெத்தை விரிப்பிலோ காலணியின் அடிப்பகுதி பற்றிக்கொள்ளும். பாதம் நின்றுவிட உடல் திரும்பினால் திருகலெல்லாம் முழங்காலில் இறங்கும். கிராமத்து மண்ணில் பழகிவிட்டுப் போட்டிக்கு மட்டும் விரிப்பில் இறங்குபவர், உறை வாங்குவதற்கு முன் விரிப்பில் நான்கு நாள் பழகுவது மேல்.

கைப்பந்தில் பாய்ந்து எடுப்பவருக்கு மெத்தைக் காப்பு. தாண்டி அடிப்பவருக்கு நாண் வலி இருந்தால் கீழ்ப்பட்டை. கால்பந்தில் மென்மையான, எடை குறைந்த, மெத்தையிட்ட முழங்கால் காப்புக்குச் சட்டம் இடமளிக்கிறது. எதிராளிக்கு ஊறு செய்யும் எதற்கும் இடமில்லை. நெடுந்தொலைவு ஓட்டத்துக்குக் கவசம் தேடுபவர் முதலில் தம் காலணியையும், வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போகும் ஓட்டத் தொலைவையும் பார்க்க வேண்டும். வலுத்தூக்குதலில் நியோப்ரீன் உறைக்கு 7 மில்லிமீட்டர் தடிப்பு, 30 சென்டிமீட்டர் நீளம் என்று பன்னாட்டுக் கூட்டமைப்பு மேல்வரம்பு வைத்துள்ளது. அத்தகைய தடித்த உறையை ஓடும் ஆட்டங்களில் அணிந்தால் முழங்காலை மடக்கவே முடியாது; தடிப்பு மிகுந்தால் நல்லது என்று எண்ணுவது தவறு.

அளவும் அணியும் முறையும்

கவசத்தின் பயனில் பாதி அதன் அளவில் இருக்கிறது. "மீடியம் கொடுங்கள்" என்று கேட்பது சட்டைக்குப் பொருந்தும், முழங்காலுக்குப் பொருந்தாது. தையற்காரர் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடையின் சுற்றளவு. சில்லின் நடுவே மூட்டின் சுற்றளவு. 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலின் சுற்றளவு. இம்மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அட்டவணை கேட்கும் இடத்து அளவோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். வீக்கம் இருக்கும்போது எடுத்த அளவு வீக்கம் வடிந்தபின் உதவாது. ஒரு காலுக்கு எடுத்த அளவு மறு காலுக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணவும் வேண்டாம். அடிபட்ட காலின் தொடைத் தசை விரைவில் இளைத்துவிடும்.

மாட்டியபின் சில சோதனைகள் செய்யலாம். ஒரு விரல் ஓரத்தில் சிரமமின்றி நுழைய வேண்டும். இருபது முறை உட்கார்ந்து எழுந்தால் உறை கீழே சுருண்டு இறங்கக் கூடாது. பாதம் மரத்துப்போவதோ, குளிர்வதோ, நிறம் மாறுவதோ, கெண்டைக்கால் வீங்குவதோ கூடாது. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே கழற்றிவிட வேண்டும். கீல் உள்ளதாயின் கீலின் நடு, சில்லின் நடுவுக்கு நேராக அமைய வேண்டும். மேலே ஏறியோ கீழே இறங்கியோ இருந்தால் கால் மடங்கும் இடம் ஒன்று, கவசம் மடங்கும் இடம் வேறொன்று ஆகிவிடும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை வியர்வை. நியோப்ரீன் காற்றை விடாது. சிலருக்கு அதன் வேதிப்பொருள்களால் தோல் சிவந்து தடித்து அரிக்கும். அவர்கள் பின்னல் துணி உறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் கடும் வெயிலும் ரப்பரின் நெகிழ்வைக் கெடுக்கும். இழுவை தளர்ந்த உறை வெறும் துணியே. ஒருவர் உறையை மற்றவர் அணிவது படர்தாமரையைப் பங்கிட்டுக்கொள்வதற்குச் சமம்.

விலையைப் பற்றி ஒரு சொல். எளிய உறையும் பட்டையும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன; நம் போன்றோருக்கு அவையே போதும். கீல் கவசத்துக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் மருத்துவர் சொல்லாமல் பணம் செலவிட வேண்டாம்.

கவசம் அணியக் கூடாத வேளை

இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியைத்தான்.

என் அணித் தோழர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஒரு போட்டியின் அரையிறுதியில் முழங்காலில் 'டப்' என்று ஓர் ஓசை கேட்டது. அருகில் நின்ற எனக்கே அது கேட்டது. இரவுக்குள் மூட்டு தேங்காய்போல் வீங்கிவிட்டது. மறுநாள் இறுதி ஆட்டம். யாரோ ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை இறுக்கி மாட்டிக்கொண்டதும் நடக்க முடிந்தது. நடக்க முடிந்ததால் ஆடவும் முடியும் என்று எல்லோரும் எண்ணினோம். ஆட்டம் தொடங்கிய நாலாம் நிமிடத்தில் கால் மடங்கி விழுந்தார். முன் சிலுவைத் தசைநாரோடு பிறைக் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் குருத்தெலும்பாவது தப்பியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். அறுவை மருத்துவம், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அந்த ஆண்டு காவலர் தேர்வின் உடற்திறன் சோதனைக்கு அவரால் செல்ல முடியவில்லை. அவருடைய வீட்டார் எதிர்பார்த்திருந்தது அந்த ஒரு வேலையைத்தான்.

அந்த உறை அவருக்குத் தாங்கலைத் தரவில்லை. ஆனால் தாங்கல் இருப்பதாக ஒரு நம்பிக்கையைத் தந்தது. கவசத்தால் வரும் தீங்கு இதுதான். வலி என்பது உடல் அடிக்கும் மணி. மணியின் நாவைக் கட்டிவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

ஆகவே கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் உறையைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். அடிபட்டபோது ஓசை கேட்டது அல்லது உள்ளே ஏதோ அறுந்தது போன்ற உணர்வு. சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம். நடக்கும்போது கால் திடீரென்று நழுவி விட்டுவிடுதல். மூட்டு ஓரிடத்தில் சிக்கி நீட்டவோ மடக்கவோ முடியாமை. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியாமை. முழங்காலைச் செங்கோணம் வரை மடக்க முடியாமை. சில்லின்மேல் தொட்டால் கடும் வலி. இவற்றுள் இறுதி மூன்றும், எலும்பு முறிவைக் காண எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யக் கனடா நாட்டு ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதிகளுள் அடங்கியவை. மருத்துவமனையும் எக்ஸ்ரே கருவியும் தொலைவில் உள்ள நமக்கு இவை பெரிதும் பயன்படும். அதுவரை ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். உருவிவிடுவதும் சூடு போடுவதும் அன்றைக்கு ஆகாதவை.

அறுவை மருத்துவம் முடிந்தவருக்கும் ஒரு சொல். 9 மாதத்துக்கு முன்னரே களத்துக்குத் திரும்புவோருக்கு மீண்டும் அடிபடும் வாய்ப்பு மிகுதி. "கவசம் இருக்கிறதே" என்பது அந்த மாதங்களைக் குறைத்துக்கொள்ளக் காரணமாகாது.

உடலே தரும் கவசம்

கடையில் கிடைக்காத, அளவு எடுக்க வேண்டாத, துவைக்க வேண்டாத கவசம் ஒன்று உண்டு. அது நம் தொடைத் தசைகளும் இடுப்புத் தசைகளும். முன்தொடைத் தசை சில்லைத் தன் வழியில் ஓட்டுகிறது. பின்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்து முன் சிலுவைத் தசைநாருக்குத் துணைவனாக நிற்கிறது. இடுப்பின் பக்கத் தசை முழங்கால் உள்ளே சாயாமல் காக்கிறது.

இதற்குச் சான்றும் உண்டு. '11+' என்னும் 20 நிமிட வெதுப்புப் பயிற்சி முறையை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 கால்பந்துச் சிறுமியரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, அப்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மெல்லோட்டம், தசை வலுப் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்றல், தாண்டி மென்மையாக இறங்குதல், திரும்பி ஓடுதல் ஆகியவையே அதன் உறுப்புகள். கருவி ஏதும் வேண்டாம். ஒரு பந்தும் ஒரு துண்டு நிலமும் போதும்.

நாமும் செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்ததுபோல் அரை நிமிடம் நிற்றல். ஒற்றைக்காலில் அரைக் குந்தல். தோழர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டபடி உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்தல். படியிலிருந்து குதித்து, முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கும்படி ஓசையின்றி இறங்குதல். குதிப்பதை ஒரு தோழர் எதிரில் நின்று பார்க்கட்டும். இரு முழங்கால்களும் ஒன்றையொன்று முத்தமிட்டால், அவருக்கு வேண்டியது உறையன்று, பயிற்சி. தாண்டுவோர் முழங்காலுக்கும் பட்டை தற்காலிகத் துணையே. படிப்படியாகப் பாரத்தைக் கூட்டித் தசைநாணை வலுவாக்கும் பயிற்சியே அதற்கு மருந்து.

முடிவுரை

கவசம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. குறை அறிந்து, வகை தெரிந்து, அளவு பார்த்து அணிந்தால் அது நல்ல ஊன்றுகோல். ஊன்றுகோல் காலாகிவிடாது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

நம் கல்லூரி விளையாட்டுக் குழுவுக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரை அழைத்து, எல்லா அணியினரின் முழங்கால்களையும் ஒரு முறை சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பயிற்சியின் முதல் 20 நிமிடத்தை வெதுப்புப் பயிற்சிக்கென்றே ஒதுக்க வேண்டும். இவற்றினும் முக்கியமானது மூன்றாவது: அடிபட்டு வீங்கிய முழங்காலோடு எவரையும் மறுநாள் களத்தில் இறக்குவதில்லை என்று ஒரு விதியை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்விதி வந்தால், வெளியே உட்காரும் வீரர் தம் அணிக்குத் துரோகம் செய்கிறோமோ என்று கூச வேண்டியதில்லை.

கோப்பை அடுத்த ஆண்டும் வரும். கல்லூரியை விட்டுச் சென்றபின் வயலிலும் அலுவலகத்திலும் வீட்டுப் படியிலும் நம்மைச் சுமக்கப்போவது இதே முழங்கால்தான். அதைப் பேணுவோம், நெடுங்காலம் ஆடுவோம்.